மினிட் நோட்டு யார் கையில்? – வாசகர் கேள்வி, பதில்

போன இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, "மாற்றுத்திறனாளிகளின் கலைச் சங்கம் என்றால் மேடையில் ஆடுகிறவர் மட்டும் மாற்றுத்திறனாளியாக இருந்தால் போதாது, கூட்ட முடிவுகளை எழுதி வைக்கும் மினிட் நோட்டில் கையெழுத்துப் போடுகிறவரும் அப்படி இருக்க வேண்டும்" என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பாதி கேள்வி, பாதி சண்டை. சண்டைக்காரர்களுக்கு வேறொரு நாள் பதில் சொல்கிறேன்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு என்னைப் பற்றிக் கொஞ்சம். இரண்டு வயதில் போலியோ, இடது காலில் காலிப்பர் என்கிற தாங்கு கருவி. இருபத்தாறு வருடம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவள். இராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவே ஒரு வாடகைக் கட்டடத்தில் ஒயிலாட்டம், பறை, நாடகம் எல்லாம் பழகுகிறது எங்கள் சங்கம். அதற்குப் பதினோரு வருடம் செயலாளராக இருந்தேன். எனக்கு ஆடவும் வராது, பாடவும் வராது. கூட்டல் கழித்தல் வரும். இனி கடிதங்கள்.

என் மகனுக்குக் காது கேட்காது, படம் நன்றாக வரைவான். அவனைப் போன்ற பதினைந்து பேரைச் சேர்த்து ஒரு கலைச் சங்கம் பதிய நினைக்கிறோம். ஏழு பேர் வேண்டும் என்கிறார்கள். ஊரில் செல்வாக்கு உள்ளவர்களைப் போட்டால்தான் காரியம் நடக்கும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். யாரைப் போடுவது, அம்மா?
– ஓர் ஆசிரியர், தொண்டி

ஏழு பேர் என்பது சரிதான் சார். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 கேட்பது குறைந்தது ஏழு பேர், அவர்களில் நிர்வாகக் குழுவுக்குக் குறைந்தது மூன்று பேர். அந்த ஏழு பேரில் எத்தனை பேர் மாற்றுத்திறனாளிகளாக இருக்க வேண்டும் என்பதைப் பற்றிச் சட்டம் வாயே திறக்காது. நாம் கோட்டை விடுவது அங்கேதான்.

எங்கள் முதல் ஏழு பேரைச் சொல்கிறேன். ஒரு படகு முதலாளி, ஐஸ் பிளாண்ட் வைத்திருந்த ஓர் அண்ணன், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், மருந்துக்கடைக்காரர், பிள்ளைகளின் பெற்றோர் இரண்டு பேர், அப்புறம் நான். மாற்றுத்திறனாளி என்றால் நான் ஒருத்திதான். ஒருவரும் கெட்டவர் இல்லை. முதல் இரண்டு வருட வாடகையை ஐஸ் பிளாண்ட் அண்ணன்தான் கொடுத்தார், இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

அந்த வருடம் டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் நாள் விழாவுக்காகக் குழு கூடினோம். பந்தல், மைக் செட், விருந்தினர் யார், பொன்னாடை எத்தனை என்று இரண்டு மணி நேரம் பேசினோம். மேடைக்குச் சாய்தளம் வேண்டுமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். நான் காலிப்பரோடு படி ஏறிவிடுவேன், அதனால் என் புத்திக்கும் அது எட்டவில்லை. விழா அன்று சக்கர நாற்காலியில் இருந்த மூன்று பேரை ஆட்கள் தூக்கி மேடையில் வைக்கப் போனார்கள். அதில் ஒரு பெண், இருபத்திரண்டு வயது, தூக்க வந்தவர்களைப் பார்த்ததும் "நான் ஆடலை" என்று சொல்லிவிட்டாள். முன்பின் தெரியாத ஆம்பிளைகள் கை வைத்துத் தூக்குவதை எந்தப் பெண் சம்மதிப்பாள்? ஐந்து மாதம் ஒத்திகை பார்த்தவள். கீழேயே இருந்துகொண்டு மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக் கை தட்டினாள். அந்தக் கைத்தட்டலை எனக்கு இன்னும் மறக்க முடியவில்லை.

அடுத்த வருடம் சாய்தளத்துக்கு என்ன செலவு என்று பார்த்தோம். நாலு பலகை, கொஞ்சம் சவுக்குக் கம்பு, தச்சருக்கு அரை நாள் கூலி. பொன்னாடைச் செலவில் பாதிகூட வரவில்லை. குழுவில் அவள் ஒருத்தி உட்கார்ந்திருந்தால் முதல் ஐந்து நிமிடத்திலேயே கேட்டிருப்பாள்.

ஆகவே ஏழில் நாலு பேராவது மாற்றுத்திறனாளிகளாக இருக்கட்டும், அந்த நாலும் ஒரே மாதிரி வேண்டாம். கால் முடியாத எனக்கே சக்கர நாற்காலியின் கஷ்டம் தெரியவில்லை என்றால், காது கேட்காதவர் கஷ்டம் எங்கே தெரியப்போகிறது? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இருபத்தோரு வகையைச் சொல்கிறது. எல்லாவற்றுக்கும் நாற்காலி போட முடியாதுதான், கண், காது, கால், அறிவுத்திறன் என்று நாலு திசையையாவது தொடுங்கள். கணக்குத் தெரிந்தவர் ஒருவர், கலை சொல்லிக்கொடுக்கிற வாத்தியார் ஒருவர். செல்வாக்கு உள்ளவர்களைப் பகைத்துக்கொள்ள வேண்டாம். 'புரவலர்' என்று பட்டம் கொடுத்து அழைப்பிதழில் பெரிய எழுத்தில் போடுங்கள், ஓட்டு மட்டும் கொடுக்காதீர்கள்.

உங்களுக்கென்று தனியாக ஒன்று. காது கேட்காதவர்கள் குழுவில் இருந்தால் கூட்டத்துக்குச் சைகை மொழி தெரிந்த ஒருவரைக் கூலி கொடுத்து வரவழையுங்கள். நேரில் வர ஆள் கிடைக்காவிட்டால் வீடியோ காலில் வைத்துக்கொள்ளலாம், நாங்கள் பல கூட்டம் அப்படித்தான் நடத்தினோம். நீங்களே மகனுக்குப் பெயர்த்துச் சொல்ல உட்காராதீர்கள். அவன் சொன்னது பாதி, நீங்கள் நினைத்தது பாதி என்று மினிட் நோட்டில் ஏறிவிடும்.

கூட்டம் எந்தக் கிழமையில் என்பதையும் யோசியுங்கள். நம் பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நாலு நாள் என்று முறை இருக்கிறது. வீட்டு ஆண்கள் கடலுக்குப் போன நாளில் கூட்டம் வைத்தால், ஆட்டோவில் ஏற்றிவிட ஆளில்லாமல் பல பேர் வர மாட்டார்கள். வருடாந்திரப் பொதுக்குழுவை நாங்கள் மே மாதத்தில்தான் வைப்போம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எல்லாம் கரையில் கிடக்கும். மார்ச்சோடு கணக்கும் முடிந்திருக்கும்.

டிரஸ்ட் நல்லதா, சங்கம் நல்லதா?
– வாசகர், சாயல்குடி

டிரஸ்ட் சுலபம். சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு பத்திரம் எழுதிப் பதிந்தால் முடிந்தது. ஆனால் பத்திரத்தில் அப்படி எழுதிவிட்டால் டிரஸ்டி ஆயுள் முழுக்க உட்கார்ந்திருப்பார், அவருக்குப் பிறகு அவர் மகன் வருவார். ஆடுகிற பாடுகிற பிள்ளைகளுக்கு அங்கே ஓட்டு கிடையாது. சங்கம் மாவட்டப் பதிவாளரிடம் போகும். உறுப்பினர் பட்டியல், தேர்தல், வருடா வருடம் தாக்கல் என்று தலைவலி அதிகம். எனக்குப் பிடித்தது அந்தத் தலைவலிதான். வருமான வரி விலக்கு, நன்கொடையாளருக்கு வரிச் சலுகை எல்லாம் இரண்டுக்கும் உண்டு, அதில் வித்தியாசம் இல்லை.

பார்வையற்ற ஒருவரைப் பொருளாளராகப் போடலாம் என்றேன். "செக்கில் எப்படிக் கையெழுத்துப் போடுவார், கள்ள நோட்டு வந்தால் என்ன செய்வார்" என்று சிரித்தார்கள். என்ன பதில் சொல்வது?
– வாசகி, கீழக்கரை

எங்கள் பொருளாளராக ஆறு வருடம் இருந்த காக்கா (உங்கள் பக்கத்து வழக்கில் அண்ணன்) உங்கள் ஊர்க்காரர்தான் தாயே. பிறவியிலேயே பார்வை கிடையாது. தப்ஸ் என்கிற கைப்பறையை அடித்துப் பாட ஆரம்பித்தால் ரோட்டில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்துவார்கள்.

அவரைப் பொருளாளராகத் தேர்ந்தெடுத்துத் தீர்மானம் போட்டு, வங்கிக்குப் போனோம். கிளை பெயர் வேண்டாம். அங்கிருந்த அதிகாரி நல்ல மனுஷர், நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார், செக் புத்தகம் மட்டும் தர முடியாது என்றார். "ஏமாத்திருவாங்கம்மா, கூட ஒரு கார்டியனைப் போடுங்க." காக்காவுக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது, நிக்காஹ் முடித்துக்கொடுத்த பெண்கள் இரண்டு பேர். அவர் ஒன்றும் பேசவில்லை. வெளியே வந்து, "என்னிடம் பேசாமல் உங்ககிட்டயே பேசினாரே, கவனிச்சீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

ரிசர்வ் வங்கி 2008 ஜூனிலேயே எல்லா வங்கிகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது: பார்வையற்றவர்களும் சட்டப்படி ஒப்பந்தம் செய்யத் தகுதியுள்ளவர்கள், செக் புத்தகம், ஏடிஎம், லாக்கர் எதையும் மறுக்கக் கூடாது என்று. அதைப் பிரதி எடுத்துக்கொண்டு மறுபடி போனோம். மேலிடத்தைக் கேட்க வேண்டும் என்றார்கள். மூன்றாம் தடவை போனபோது செக் புத்தகம் தயாராக இருந்தது. நாங்கள் சண்டை போடவில்லை, பிரதியை மேஜைமேல் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தோம். மூன்று பேரில் இருவர் கையெழுத்து என்று ஏற்பாடு. அதைப் பார்வை உள்ளவர்களுக்கும் செய்யுங்கள் என்றுதான் சொல்வேன்.

இனி சிரித்தவர்களுக்கு. காக்கா பார்த்த கணக்கைப் போல ஒரு கணக்கை என் கூட்டுறவு வேலையிலும் நான் கண்டதில்லை. காரணம் சின்னது. அவரால் பில்லைப் படிக்க முடியாது, எனவே ஒவ்வொரு பில்லையும் குழுவில் யாராவது சத்தமாக வாசிக்க வேண்டும். "ஆட்டோ வாடகை, முந்நூற்றைம்பது." "எங்கேயிருந்து எங்கே?" "வேதாளையிலிருந்து மண்டபம்." "அதுக்கு முந்நூற்றைம்பதா?" அவ்வளவுதான். அறையில் இருந்த பத்துப் பேருக்கும் அது தெரிந்துவிடும். கண் இருந்த பொருளாளர்கள் காலத்தில் ஃபைலைக் கண்ணால் ஒரு புரட்டுப் புரட்டிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தோம். நோட்டைக் கண்டுபிடிக்க ரிசர்வ் வங்கி 2020இல் 'மணி' என்ற செயலி கொண்டுவந்தது, கேமராவைக் காட்டினால் எத்தனை ரூபாய் என்று சொல்லும். காக்கா அதைவிடத் தன் விரலைத்தான் நம்புவார். கள்ள நோட்டு? கண் இருக்கிற நான் இரண்டு தடவை வாங்கி ஏமாந்திருக்கிறேன்.

என் மகளுக்கு இருபத்து நாலு வயது, டவுன் சிண்ட்ரோம். ஒயிலாட்டத்தில் முதல் வரிசை. குழுவில் அவள் சார்பாக என்னை உட்காரச் சொல்கிறார்கள். உட்காரலாமா?
– ஒரு தாய், மண்டபம்

உட்காருங்கள், உங்கள் நாற்காலியில். அவள் நாற்காலியில் வேண்டாம்.

இதில் நான் செய்த தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் பைலா, அதாவது சங்கத்தின் விதிமுறை, எப்படி உருவானது தெரியுமா? பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே டைப் அடிப்பவரிடம் வேறு ஏதோ சங்கத்தின் நகல் இருந்தது. பெயரை மட்டும் மாற்றி அடித்துக் கொடுத்தார். அதில் 'சித்த சுவாதீனம் இல்லாதவர் உறுப்பினராக இருக்கத் தகுதியற்றவர்' என்று ஒரு விதி. நாலு வருடம் நான் அதைக் கவனிக்கவில்லை. யாருக்காகச் சங்கம் தொடங்கினோமோ அவர்களில் சிலரை வாசலிலேயே நிறுத்துகிற விதி, என் கையெழுத்தோடு! பிறகு சிறப்புத் தீர்மானம் போட்டு அதை எடுத்தோம். உங்கள் சங்கத்து பைலாவையும் இன்றே எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் இருக்கும்.

2016ஆம் ஆண்டுச் சட்டம், மாற்றுத்திறனாளிகளுக்கும் மற்றவர்களுக்குச் சமமான சட்டத் தகுதி உண்டு என்கிறது. துணை தேவைப்பட்டாலும், குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, இரண்டு பேரும் கலந்து பேசி எடுக்கிற வரம்புள்ள பாதுகாவல்தான். ஏற்கெனவே அவளுக்காகப் பாதுகாவலர் உத்தரவு வாங்கியிருந்தால் மட்டும் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

எப்படிக் கூட்டத்தில் உட்கார வைப்பது என்று கேட்பீர்கள். எங்கள் குழுவில் அப்படி ஒரு பெண் இருக்கிறாள். அவளுக்காகச் சில பழக்கங்களை மாற்றினோம். ஒரு கூட்டத்துக்கு மூன்று விஷயத்துக்கு மேல் கிடையாது. முதல் நாளே அவளோடு உட்கார்ந்து, படம் போட்டு, மூன்றையும் பேசிவிடுவோம். ஓட்டுப் போட ஆளுக்கு ஒரு சோழி, ஒரு கறுப்புக் கூழாங்கல். வேண்டும் என்றால் சோழி, வேண்டாம் என்றால் கல், பானைக்குள் போட வேண்டும். அவளுக்காகக் கொண்டுவந்தது, இப்போது எல்லோருக்கும் வசதியாகிவிட்டது. தலைவர் முகத்தைப் பார்த்துக் கை தூக்குகிற வேலை மிச்சம்.

அவள் குழுவுக்கு வந்த மூன்றாவது கூட்டமோ நாலாவது கூட்டமோ. முந்தைய நிகழ்ச்சியின் செலவை வாசித்துக்கொண்டிருந்தோம். மேளக்காரருக்கு இரண்டாயிரம் என்று வந்தது. அவள் கையைத் தூக்கினாள். "மேளக்கார மாமாவுக்குக் கவர். எனக்கு ஏன் டிபன் பாக்ஸ்?"

அறையில் ஒருவரும் பேசவில்லை. அவள் வீட்டில் எங்கள் சங்கம் கொடுத்த எவர்சில்வர் டிபன் பாக்ஸ் பதினொன்று இருந்ததாம், பிறகு எண்ணிச் சொன்னாள். அன்று பானை முழுக்கச் சோழி. மேடை ஏறுகிற எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் சன்மானம், அவரவர் வங்கிக் கணக்கிலேயே. மாற்றுத்திறனாளிக் கலைஞர்களுக்கு ஆதரவும் உதவியும் தர வேண்டும் என்று 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 29ஆம் பிரிவு அரசுக்குச் சொல்வதை நான் மேடை மேடையாகப் பேசியிருக்கிறேன். டிபன் பாக்ஸ் வாங்கின பில்லில் கையெழுத்துப் போட்டவளும் நான்தான்.

பெரிய நன்கொடை தருகிறேன், என்னைத் தலைவராக்குங்கள் என்கிறார் ஒருவர். என்ன செய்ய?
– வாசகர், இராமேஸ்வரம்

நன்கொடைக்கு ரசீது கொடுங்கள். தலைவர் பதவிக்குத் தேர்தலில் நிற்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் ஒரே நாளில் பதில் சொல்லாதீர்கள்.

நிர்வாகக் குழுவில் இருப்பவருக்குச் சம்பளம் உண்டா? நான் பாட்டுக்காரன், குழுவிலும் இருக்கிறேன். பாடினால் பணம் வாங்கக் கூடாது என்கிறார்கள்.
– வாசகர், பாம்பன்

குழுவில் உட்காருவதற்குச் சம்பளம் எதிர்பார்க்காதீர்கள் தம்பி. ஆனால் பாட்டுக்குச் சன்மானம் வேறு. சங்கத்தின் பணம் நிர்வாகிகளுக்கும் அவர்கள் உறவினர்களுக்கும் சலுகையாகப் போனால் வரிவிலக்கு பறிபோகும் என்பது உண்மை. செய்த வேலைக்கு நியாயமான தொகை என்றால் அது சலுகை ஆகாது. மற்ற பாட்டுக்காரருக்கு என்ன தொகையோ அதே தொகை, அதை முடிவு செய்யும்போது நீங்கள் அறைக்கு வெளியே இருக்க வேண்டும், வெளியே போனதையும் மினிட் நோட்டில் எழுத வேண்டும். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். வெளியே நிற்கிற நேரத்தில் டீ சொல்லிவிட்டு வருவது எங்கள் வழக்கம்.

போக்குவரத்துச் செலவைக் கட்டாயம் வாங்குங்கள். பஸ்ஸில் ஏற முடிகிறவருக்குக் கூட்டத்துக்கு வர இருபது ரூபாய், சக்கர நாற்காலிக்காரருக்கு ஆட்டோவுக்கு நானூறு. அதைச் சங்கம் கொடுக்காவிட்டால் குழுவில் கடைசியில் யார் மிஞ்சுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னாலே வெளியூர்க்காரர்களுக்குச் சங்கிலிதான் ஞாபகம் வருகிறது. இங்கே போய்க் கலை, குழு என்று பேசுவது உங்களுக்கே வேடிக்கையாக இல்லையா?
– வாசகர், ஏர்வாடி

இல்லை.

2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. உங்கள் ஊரில் மனநலம் பாதித்தவர்களை வைத்திருந்த ஓர் இல்லத்தில் கீற்றுக் கொட்டகை பற்றி எரிந்து 28 பேர் போனார்கள். சங்கிலியில் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்தது, அந்த மாதிரி இல்லங்கள் மூடப்பட்டன. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், யாரையும் எந்த விதத்திலும் சங்கிலியில் கட்டக் கூடாது என்று எழுதியே வைத்துவிட்டது. அப்போது நாங்கள் எல்லோரும் தீயைப் பற்றியும் கீற்றைப் பற்றியும் பேசினோம். உள்ளே போய்ப் பார்த்துக் கேள்வி கேட்க ஓர் ஆள் இல்லையே என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

எங்கள் சங்கத்தில் ஒரு விதி உண்டு. குழு உறுப்பினர் யாரும் எந்த நாளும் முன்கூட்டிச் சொல்லாமல் பயிற்சிக்கு வந்து உட்காரலாம். வாத்தியார்களுக்கு ஆரம்பத்தில் பிடிக்கவில்லை. எடுத்ததற்கெல்லாம் பிள்ளைகள் தலையில் குட்டுகிற ஒரு வாத்தியாருக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை, அவர் போய்விட்டார்.

உங்கள் ஊர்க்காரர் ஒருவரும் எங்கள் குழுவில் இருக்கிறார். நாடகத்துக்கு வசனம் எழுதுவார். தினமும் மாத்திரை போடுகிறவர். வருடத்தில் ஒரு தடவையோ இரண்டு தடவையோ அவருக்கு முடியாமல் போகும். அப்போது விடுப்பு எடுத்துக்கொள்ளலாம், நாற்காலி அவருக்காகக் காத்திருக்கும் என்று பைலாவிலேயே எழுதிவிட்டோம். சங்கிலியை வைத்து ஒரு காட்சி எழுதித் தாருங்கள் என்று வெளியூர் அமைப்பாளர் ஒருவர் கேட்டார். "அதை நீங்க எழுதுங்க, எனக்கு மாப்பிள்ளை பார்க்க வர்ற காட்சி எழுதணும்" என்றுவிட்டார். அந்த நாடகத்துக்குத்தான் எங்கள் சங்கத்தில் அதிகம் சிரிப்பு விழுந்தது.

மாற்றுத்திறனாளிகளே நடத்துகிற அமைப்புகள் உருப்பட்டதற்கு உதாரணம் உண்டா? உணர்ச்சிவசப்படாமல் பதில் சொல்லவும்.
– வாசகர், பெரியபட்டினம்

சொல்கிறேன் ஐயா. தென்காசிப் பக்கம் ஆய்க்குடி போய்ப் பாருங்கள். 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ்.ராமகிருஷ்ணன், 1981இல் அங்கே அமர் சேவா சங்கம் தொடங்கினார். 2020இல் பத்மஸ்ரீ. அதன் செயலாளர் சங்கர ராமன் தசைச் சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் இருப்பவர், பட்டயக் கணக்காளர். கணக்கும் உருப்படியாக இருக்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

கலையில் கேட்டால், ஜெர்மனிக்காரரான எரிக் ஸ்டெக்மன், போலியோவால் கை செயலிழந்து வாயில் தூரிகை பிடித்தவர், 1956இல் ஐரோப்பிய நாடுகளிலிருந்து அவரைப் போன்ற ஓவியர்களை ஒன்றுசேர்த்தார். வாயாலும் காலாலும் வரைகிறவர்களின் சங்கம் அது. வாழ்த்து அட்டையும் காலண்டரும் விற்றுத் தங்களுக்குத் தாங்களே சம்பளம் கொடுத்துக்கொள்கிறார்கள். தருமம் வேண்டாம், எங்கள் உழைப்பே போதும் என்பது அவர்கள் கொள்கை.

லண்டனில் 'கிரே ஐ' என்று ஒரு நாடகக் குழு, 1980இல் தொடங்கியது. தொடங்கிய இருவரில் நபில் ஷபன் மாற்றுத்திறனாளி நடிகர். 1997இல் கலை இயக்குநரான ஜென்னி சீலி காது கேட்காதவர், 2012 லண்டன் பாராலிம்பிக் தொடக்க விழாவை இயக்கிய இருவரில் ஒருவர். அந்தப் பெயர் கிரேக்கக் கதையில் வரும் மூன்று கிழவிகளுடையது. மூவருக்கும் சேர்த்து ஒரே கண், ஒரே பல். கைமாற்றிக் கைமாற்றி வைத்துக்கொள்வார்களாம். எங்கள் குழுவில் இதைச் சொன்னபோது காக்கா, "நம்ம சங்கத்து செக் புக் மாதிரி" என்றார்.

நம் ஊரிலும் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினராக நியமிக்க 2025 ஏப்ரலில் தமிழக சட்டமன்றம் சட்டத் திருத்தம் நிறைவேற்றியது. ஊராட்சிக்கே நாற்காலி போட்டாயிற்று, நமக்கென்று வைத்திருக்கும் கலைச் சங்கத்தில் இன்னும் தயங்கிக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் சங்கத்தில் பதினாலு வருடமாக ஒருவரே தலைவர். கணக்குக் கேட்டால் "என்மேல் நம்பிக்கை இல்லையா" என்கிறார். நல்லவர்தான், நிறையச் செய்திருக்கிறார். என்ன செய்வது?
– பெயர் வேண்டாம், தேவிபட்டினம்

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். குழு உறுப்பினரின் பதவிக் காலம் மூன்று வருடத்துக்கு மேல் போகக் கூடாது. திரும்பத் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் ஒவ்வொரு தடவையும் தேர்ந்தெடுக்க வேண்டும். பதினாலு வருடத்தில் எத்தனை தேர்தல் நடந்தது என்று மினிட் நோட்டைக் கேட்டுப் பாருங்கள். நோட்டைக் காட்டவே மாட்டேன் என்றால், உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கு பேர் கையெழுத்திட்டு மாவட்டப் பதிவாளரிடம் மனு கொடுக்கலாம். சங்கத்தின் செயல்பாட்டையும் பண நிலையையும் விசாரிக்க அவருக்கு அதிகாரம் உண்டு. அதற்கு முன்னால் இரண்டு பேராக வீட்டுக்குப் போய்ப் பேசிப் பாருங்கள். நல்லவர் என்கிறீர்களே.

அவரைத் திட்டுவதற்கு எனக்குத் தகுதி இல்லை. நானும் பதினோரு வருடம். ஒவ்வொரு தேர்தலிலும் நான்தான் என்று எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு மே மாதப் பொதுக்குழுவில், 'வேறு விஷயங்கள்' என்று தலைவர் கேட்டபோது ஒரு கை உயர்ந்தது. மேடைக்குக் கீழே இருந்து கை தட்டினாளே, அந்தப் பெண். அப்போது அவளும் குழுவில் இருந்தாள். "அக்கா, நீங்க எப்ப விடுவீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. நான் இல்லாவிட்டால் தாக்கல் செய்யத் தெரியுமா, தணிக்கையாளரிடம் பேசத் தெரியுமா என்று வீட்டில் இரண்டு நாள் என் தங்கையிடம் புலம்பினேன். அவள் மீன் ஆய்ந்துகொண்டே, "நீ சொல்லித்தரலையா அப்ப?" என்றாள். மூன்றாம் நாள் ராஜினாமா எழுதினேன். பீரோச் சாவி, முத்திரை, ஒன்பது மினிட் நோட்டு எல்லாவற்றையும் சாக்கில் கட்டி ஆட்டோவில் ஏற்றி அனுப்பினேன். அந்தப் பெண்தான் செயலாளர்.

ஒரு மாதம் கழித்து அவளிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. காக்கா பொருளாளராக வருவதற்கு முந்தின வருடத்து வவுச்சர். வேன் வாடகை 1,200, கீழே என் கையெழுத்து. 'அக்கா, இதுக்கு பில் எங்க?' இரண்டு பெட்டியைக் கவிழ்த்துத் தேடினேன். கிடைக்கவில்லை. அடுத்த நாள் 1,200 ரூபாயை எடுத்துக்கொண்டு போய்க் கட்டினேன். வேண்டாம் அக்கா, விடுங்கக்கா என்பாள் என்று கொஞ்சம் எதிர்பார்த்தேன். அவள் எண்ணிப் பார்த்து வாங்கி, ரசீது புத்தகத்தை மடியில் வைத்து எழுதிக் கிழித்துக் கொடுத்தாள். விவரம் என்ற இடத்தில் 'பில் இல்லாத வேன் வாடகை, முன்னாள் செயலாளரிடமிருந்து வரவு' என்று இருந்தது. கையெழுத்து என்னைவிடத் தெளிவு.